கழன்று விழும் பல் உறையும் பழி சுமக்கும் சிமென்டும்

வாசகர் கேள்விகளும் பல் மருத்துவரின் பதில்களும்

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு உறை (கேப்) போடாமல் விட்டால் அது பிளந்துபோகக்கூடும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். உறை போட்டும் நிம்மதி இல்லை என்று சொல்லும் கடிதங்களே அதற்குப் பதிலாக அதிகம் வந்தன. எல்லாம் பீங்கானையும் பல்லையும் ஒட்டவைக்கும் சங்கதியைச் சுற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குச் சிர்கோனியா கேப் போட்டுக்கொண்டேன். எட்டு மாதத்தில் இரண்டு முறை கழன்றுவிட்டது. இரண்டு முறையும் அதே கேப்பைத் திரும்ப ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த முறை விலை உயர்ந்த சிமென்டைப் போடச் சொல்லிக் கேட்கலாமா? எதைக் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் சிமென்டின் பெயரைக் கேட்கிறீர்கள். நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று. கழன்று விழுந்தபோது சிமென்ட் எங்கே இருந்தது? கேப்பின் உட்புறம் வழித்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்து, சிமென்ட் முழுவதும் பல்லின் மேல் தங்கியிருந்ததா? அல்லது கேப்புக்குள் சிமென்ட் நிறைந்திருக்க, பல் வெறுமையாக இருந்ததா?

உறை ஒட்டும் வேலையில் இணைப்பு ஒன்றல்ல, இரண்டு. பல்லுக்கும் சிமென்டுக்கும் இடையே ஒன்று. சிமென்டுக்கும் உறையின் உட்பரப்புக்கும் இடையே மற்றொன்று. சிமென்ட் பல்லோடு நின்றுவிட்டால் உறையின் உட்பரப்பு சரியாகத் தயார் செய்யப்படவில்லை என்று பொருள். உறையோடு போய்விட்டால், பல்லின் பக்கத்தில் ஈரமோ தற்காலிகச் சிமென்டின் எச்சமோ இருந்திருக்கலாம், அல்லது பல்லே பிடிப்புத் தராத அளவுக்குக் குட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கலாம். இந்த ஒரு பார்வையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். ஆனால் நடைமுறையில் கழன்ற உறையைக் கையில் வாங்கியவுடன் சுரண்டிக் கழுவிவிடுவதால், தடயமும் அதோடு போய்விடுகிறது.

சிர்கோனியா என்ற வலிமையான வெண்ணிற ஆக்சைடுப் பீங்கானின் இயல்பு இங்கே முக்கியம். பழைய பீங்கானிலும் லித்தியம் டைசிலிகேட் என்ற படிகம் நிறைந்த பீங்கான் வகையிலும் கண்ணாடிப் பகுதி உண்டு. அமிலத்தால் அதைக் கரைத்துச் சொரசொரப்பாக்கலாம். சிர்கோனியாவில் கண்ணாடி கிடையாது. கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை நாம் பயன்படுத்தும் வகையில் அதன் மேல் தடவினால் பயனுள்ள மாற்றம் எதுவும் நேராது. கண்ணாடியின் அடிப்படைப் பொருளான சிலிக்கா இல்லாததால், பீங்கானுக்குப் பூசும் சிலேன் என்ற இணைப்புத் திரவமும் தனியாக அதில் வேலை செய்யாது. எனவே அதன் உட்பரப்பில் சுமார் 50 மைக்ரான் அளவுள்ள அலுமினாத் துகளை 1 முதல் 2 பார் வரையான மிதமான காற்றழுத்தத்தில் ஊதிச் சாண்ட்பிளாஸ்ட் செய்கிறோம். பிறகு எம்.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாஸ்பேட் மூலக்கூறு கலந்த பிரைமரை, அதாவது அடிப்பூச்சுத் திரவத்தை, பூசுகிறோம். அந்த மூலக்கூறின் ஒரு முனை சிர்கோனியம் ஆக்சைடைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனை ரெசின் என்ற பிசின் வகைச் சிமென்டோடு சேர்ந்து இறுகுகிறது. ஜப்பானின் குராரே நிறுவனம் இதை 1981-இல் உருவாக்கியது. 1983-இல் வந்த பனாவியா சிமென்ட்தான் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அதன் இலக்கு உலோகமும் பல்லும்தான். சிர்கோனியா பல் மருத்துவத்தில் பரவியது அதன் பிறகே என்பது இதில் ஒரு வேடிக்கை.

இத்தனையையும் முறையாகச் செய்துவிட்டும் கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. லேபிலிருந்து சாண்ட்பிளாஸ்ட் செய்து வந்த உறையை வாயில் போட்டுப் பொருத்தம் பார்க்கிறோம் அல்லவா, அந்த இரண்டு நிமிடத்தில் உமிழ்நீர் உட்புறத்தில் படிந்துவிடுகிறது. உமிழ்நீரில் பாஸ்பேட் உண்டு. எம்.டி.பி. உட்கார வேண்டிய இருக்கையில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். தண்ணீரில் கழுவினால் எழுந்து போகாது. பல்லுக்குப் பூசும் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் அதுவே மேலும் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து வைக்கிறது. பொருத்தம் பார்த்த பிறகு மறுபடி சாண்ட்பிளாஸ்ட் செய்ய வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் இதற்கென்றே விற்கும் துப்புரவுப் பசையைப் பயன்படுத்த வேண்டும். விழுந்த உறையைப் பஞ்சால் துடைத்து, அதே இடத்தில் சிமென்ட் நிரப்பி மாட்டினால், மூன்றாவது முறையும் அது விழுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பல் இயல்பிலேயே குட்டையானது. செதுக்கிய பின் கடைவாய்ப் பல்லின் உயரம் சுமார் 4 மில்லிமீட்டராவது இருந்து, பக்கங்கள் அதிகம் சரியாமல் இருந்தால், சாதாரண கிளாஸ் அயனோமர் சிமென்டே சிர்கோனியா உறையைப் பல ஆண்டுகள் தாங்கும். அங்கே விலை உயர்ந்த சிமென்டுக்கு வேலையே இல்லை. உயரம் குறைந்து, பல் கூம்புபோல் இருந்தால், பிடிப்பு முழுவதும் ஒட்டும் பொருளின் தலையில் விழுகிறது. ஆகவே உங்கள் மருத்துவரிடம் சிமென்டின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘கழன்றபோது சிமென்ட் எந்தப் பக்கம் இருந்தது, பல்லின் உயரம் போதுமா, ஒட்டும் முன் உட்புறத்தை மறுபடி சாண்ட்பிளாஸ்ட் செய்வீர்களா’ என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: என் மகளின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு) ஒட்டப் போகிறார்கள். அமிலம் போட்டுத்தான் ஒட்டுவோம் என்கிறார் மருத்துவர். கண்ணாடியையே கரைக்கும் அமிலம் அது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். வாயில் போடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் உறவினர் சொல்வது பொய்யில்லை, ஆனால் இரண்டு அமிலங்களை ஒன்றாக்கிவிட்டார். பல்லின் மேல் பூசுவது சுமார் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலக் கூழ். அது பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலின் மேற்பரப்பை மட்டும் நுண்ணிய அளவில் அரித்துவிடும்; 15 முதல் 30 விநாடிகளில் கழுவி எடுத்துவிடுவோம். கண்ணாடியைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வெனீரின் உட்புறத்துக்கு உரியது. வெனீரை வாய்க்கு வெளியே, மேசைமேல் வைத்துத்தான் அதைப் பூச வேண்டும். உங்கள் மகளின் வாய்க்குள் அது வர வேண்டிய அவசியமே இல்லை.

எதற்காக அரிக்க வேண்டும் என்பதற்கு நம் வீட்டிலேயே உவமை இருக்கிறது. வழவழப்பாகிவிட்ட அம்மியில் மிளகாய் அரைபடாது, கொத்திவிட்டால்தான் அரைபடும். வழவழப்பான கான்கிரீட் தூணில் பூச்சு நிற்காது என்பதால் கொத்தனார் முதலில் அதைக் கொத்திவிடுகிறார். பீங்கானின் உட்புறத்தில் அமிலம் செய்வதும் அந்தக் கொத்து வேலைதான். கண்ணாடிப் பகுதி கரைந்து, படிகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகின்றன. நீர்த்த ரெசின் அவற்றுக்குள் இறங்கி, அங்கேயே இறுகிப் பூட்டிக்கொள்கிறது.

இந்த எளிய யோசனை கைகூட அரை நூற்றாண்டு பிடித்தது. 1930-களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களின் பற்கள்மேல் மெல்லிய பீங்கான் தகடுகளைப் பொருத்தினார். அவற்றை நிறுத்தி வைத்தது பல்செட் ஒட்டும் தூள்தான். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். 1955-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவனகோர் எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்தால் ரெசின் அதில் நன்றாகப் பற்றும் என்று காட்டினார். பல்லின் பக்கம் அத்துடன் தீர்ந்தது. பீங்கானின் பக்கம் இன்னும் வழவழப்பாகவே நின்றது. 1983-இல் சைமன்சனும் கலாமியாவும் பீங்கானை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து ரெசினோடு இணைத்த பிறகே வெனீர் நிரந்தரச் சிகிச்சையாயிற்று.

உங்கள் மகளுக்காக நான் கவலைப்படுவது அமிலத்தைப் பற்றியல்ல, செதுக்கும் அளவைப் பற்றி. ஒட்டும் பரப்பு முழுவதும் எனாமலாக இருக்கும் வெனீர்தான் நெடுநாள் நிற்கும். ஆழமாகச் செதுக்கி எனாமலைத் தாண்டி அதற்கு அடியிலுள்ள டென்டினுக்குள் போய்விட்டால், அங்கே ஈரமும் புரதமும் இருப்பதால் இணைப்பு காலப்போக்கில் தளரும். அப்படிப் போக நேர்ந்தால், செதுக்கிய அன்றே அளவு எடுக்கும் முன் டென்டின்மேல் ரெசின் பூசி மூடிவிடும் முறை இருக்கிறது. எவ்வளவு எனாமல் மிஞ்சும் என்று செதுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லித்தியம் டைசிலிகேட்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரிக்க 20 விநாடி போதும் என்று பாடத்தில் இருக்கிறது. கூடுதலாக வைத்தால் கூடுதல் பிடிப்பு கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். கழுவிய பின் வரும் வெள்ளைப் படலம்தான் நன்றாக அரித்ததற்கு அடையாளம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– இறுதியாண்டு பல் மருத்துவ மாணவி, சென்னை

பதில்: பாடம் சரி, சீனியர்கள் இரண்டிலும் தவறு. லித்தியம் டைசிலிகேட்டில் படிகங்கள் நிறைய, கண்ணாடி குறைவு. 5 சதவீத அமிலத்தில் 20 விநாடியிலேயே படிகங்களைச் சுற்றியுள்ள கண்ணாடி வேண்டிய அளவு விலகிவிடும். அதற்கு மேல் நீட்டினால் படிகங்களுக்குப் பிடிமானமாக இருக்கும் கண்ணாடியும் போய், மேற்பரப்பே பலவீனமாகும். மரத்தைச் சுற்றி மண்ணை அளவோடு கிளறினால் வேருக்கு நல்லது. வேரே தெரியும்படி தோண்டினால் மரம் சாயும். லூசைட் கலந்த பீங்கானுக்கு அதே 5 சதவீதத்தில் 60 விநாடி. கண்ணாடி மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் பீங்கானுக்குப் பெரும்பாலும் 9 முதல் 10 சதவீதத்தில் ஒரு நிமிடமோ அதற்குச் சற்று அதிகமோ. பெட்டிக்குள் இருக்கும் செய்முறைத் தாளை நம்புங்கள். சீனியரின் நினைவை அல்ல. உறை எந்தப் பொருளால் ஆனது என்று லேப் எழுதி அனுப்பவில்லையென்றால், பார்வைக்கு எல்லாமே வெள்ளைதான் என்பதால், தொலைபேசியில் கேட்காமல் அமிலத்தைத் திறக்கவே கூடாது.

வெள்ளைப் படலத்தைப் பொறுத்தவரை, அரித்த பீங்கான் மங்கிய வெண்மையாக, உறைபனி படிந்ததுபோல் சீராகத் தெரிய வேண்டும், அது உண்மை. ஆனால் அதன் மேல் தூள்போல் திட்டுத்திட்டாகப் படிவது அமிலமும் கண்ணாடியும் வினைபுரிந்து மிஞ்சிய உப்புகளும் கரையாத துகள்களும். அவை குழிகளை அடைத்துக்கொள்ளும். கொத்திய அம்மியின் குழிகளில் மாவு அடைந்ததுபோல. அந்தப் படலத்தோடு ஒட்டினால் பீங்கானில் ஒட்டவில்லை, குப்பையில் ஒட்டியிருக்கிறீர்கள். 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை ஒரு நிமிடம் தூரிகையால் தேய்த்துக் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரிலோ ஆல்கஹாலிலோ போட்டு அல்ட்ராசோனிக் தொட்டியில் சுமார் ஐந்து நிமிடம் வையுங்கள். சிர்கோனியாவுக்குப் பாஸ்பாரிக் கூடாது என்று ஈரோடு வாசகருக்கு எழுதியிருப்பதைப் படித்துக் குழம்ப வேண்டாம். கண்ணாடிப் பீங்கானில் பாஸ்பேட்டுக்கு அப்படிப் பற்றிக்கொள்ளும் இடமில்லை. ஒரே புட்டி, ஒரு பொருளுக்கு மருந்து, இன்னொன்றுக்கு நஞ்சு.

அடுத்தது சிலேன். மாணவர்கள் இதைச் சடங்குபோலத் தடவிவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். சிலேன் மூலக்கூறு நீரால் பிரிந்து ‘சிலனால்’ என்ற வடிவமாக மாறி, பீங்கானின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்ஸில் தொகுதிகளோடு சேர்ந்து சிலாக்சேன் பிணைப்பை உண்டாக்குகிறது. அதன் மறுமுனையிலுள்ள மெத்தாக்ரிலேட் ரெசினோடு இணைகிறது. இதற்கு மெல்லிய ஒரே படலம் போதும். கெட்டியாகப் பூசினால், மேலே மிதக்கும் அடுக்குகள் பீங்கானோடும் சேராமல் ரெசினோடும் சேராமல் நடுவில் வழுக்குப் பாறையாகிவிடும். ஒரு நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான காற்றால் உலர்த்தினால் ஆல்கஹாலும் நீரும் வெளியேறிப் பிணைப்பு முழுமையடையும். ஒரே புட்டியில் வரும் சிலேன் நாளாக ஆகத் தனக்குள்ளேயே பிணைந்து கெட்டுவிடும். தெளிவாக இருந்த திரவம் பால்போலக் கலங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள். சித்திரை வெயிலில் மேசை இழுப்பறையில் கிடந்த புட்டியை, காலாவதித் தேதிக்கு முன்னே என்றாலும், நான் நம்புவதில்லை.

அரிப்பையும் சிலேனையும் ஒரே படியில் முடிக்கும் பிரைமர்களும் வந்திருக்கின்றன. அவற்றில் ஹைட்ரோஃபுளோரிக்குக்குப் பதில் அமோனியம் பாலிஃபுளோரைடு இருக்கிறது. அரிப்பின் ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவு. தேர்வுக்குப் பழைய முறையைப் படியுங்கள்.

கேள்வி: பல் லேபில் வேலை செய்கிறேன். எல்லா உறைகளின் உட்புறத்தையும் சாண்ட்பிளாஸ்ட் செய்தும், சில மருத்துவர்கள் கேட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போட்டும் அனுப்புகிறோம். இது போதுமா?
– ஒரு டெக்னீஷியன், கோயம்புத்தூர்

பதில்: ‘எல்லா உறைகளையும்’ என்ற சொல்தான் இடறுகிறது. சிர்கோனியாவைச் சாண்ட்பிளாஸ்ட் செய்யலாம். அதிலும் ஒளி ஊடுருவும் புதுவகைச் சிர்கோனியா பழைய வகையைவிட வலிமை குறைந்தது என்பதால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். லித்தியம் டைசிலிகேட்டையும் பீங்கானையும், வார்ப்பு உலோகத்தை ஊதும் அதே அழுத்தத்தில் ஊதினால் விளிம்புகள் சிதறும், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். அந்த விரிசல் இன்று தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து உறை உடையும்போது பழி கடலை மிட்டாய் மேல் விழும்.

நீங்கள் அரித்து அனுப்பிய பரப்பும் வாயில் பொருத்தம் பார்த்தவுடன் மாசுபட்டுவிடும். மருத்துவர் அதை மறுபடி சுத்தம் செய்து, சிலேன் பூச வேண்டும். லேபிலேயே செய்தாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்ள, மருத்துவர் செய்வார் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள, யாரும் செய்யாத உறைகள் பல. ஒவ்வொரு உறையோடும் என்ன பொருள், என்ன செய்திருக்கிறோம் என்று ஒரு சீட்டு வையுங்கள்.

உங்கள் உடல்நலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அமிலம் தோலில் பட்டவுடன் எரியாமல் இருக்கலாம், அதனால்தான் ஆபத்து. வலி சில மணி நேரம் கழித்து வரும்போது ஃபுளோரைடு திசுக்களுக்குள் இறங்கிக் கால்சியத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல காற்றோட்டம் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் நீரில் உடனே கழுவி, கால்சியம் குளுகோனேட் ஜெல்லைத் தடவியபடியே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த ஜெல் இல்லாத லேபில் அந்த அமிலமும் இருக்கக் கூடாது.

கேள்வி: ஒட்டிய அன்றே சூடாகக் காபி குடிக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மரத்துப்போன உணர்வு தெளிந்த பிறகு குடிக்கலாம். அதற்கு முன் குடித்தால் சுடுவது உறைக்கு அல்ல, உதட்டுக்கு.

கேள்வி: என் உறையோடு பத்து ஆண்டு உத்தரவாத அட்டை தந்தார்கள். அந்தப் பத்து ஆண்டு ஒட்டுக்கும் சேர்த்தா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பெரும்பாலும் பொருள் உடைந்தால் மாற்றித் தருவதற்கே அது உத்தரவாதம். ஒட்டு மருத்துவரின் கையில் இருக்கிறது. அதைத் தொழிற்சாலை எப்படி ஏற்றுக்கொள்ளும்?

ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்பதை ஆய்வகத்தில் சோதிக்கும் விதம் சுவையானது. ஒட்டிய துண்டுகளை 5 பாகைக் குளிர்நீரிலும் 55 பாகை வெந்நீரிலும் மாற்றி மாற்றி முக்குவார்கள். ஐஸ்கிரீமும் காபியும் படுத்தும் பாட்டை விரைவாக நடத்திக் காட்டுவது அது. பத்தாயிரம் சுற்றுகள் ஏறக்குறைய ஓராண்டு உபயோகத்துக்குச் சமம் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒட்டிய மறுநாள் இழுத்துப் பார்த்தால் அநேகமாக எல்லா முறைகளும் நன்றாகவே தேறும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஜெர்மனியின் மத்தியாஸ் கெர்னும் வெக்னரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சிர்கோனியாத் துண்டுகளை 150 நாள் நீரில் வைத்து, 37,500 சுற்றுகள் வெப்பம் மாற்றிச் சோதித்தார்கள். சாண்ட்பிளாஸ்ட் செய்து சாதாரண ரெசினால் ஒட்டியவை தொடக்கத்தில் பிடித்திருந்தும், அந்தக் காலத்தில் தாமாகவே கழன்றன. சாண்ட்பிளாஸ்டோடு பாஸ்பேட் மூலக்கூறு சேர்ந்த ரெசினால் ஒட்டியவை நின்றன.

எதிரி நீர்தான். பீங்கானும் ரெசினும் வெப்பத்தில் விரியும் அளவு வேறு வேறு என்பதால் இணைப்பு இழுபடுகிறது. அந்த இடுக்கில் நீர் மெல்ல நுழைந்து சிலாக்சேன் பிணைப்பை மீண்டும் பிரிக்கப் பார்க்கிறது. நன்றாகக் கொத்தப்பட்ட பரப்பும் வேதிப் பிணைப்பும் இரண்டும் இருந்தால் ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்கும். ஒன்றை மட்டும் நம்பியது முதலில் போகும். உங்களுக்கு ஒட்டியபோது வாயில் ரப்பர் திரை கட்டினார்களா, அல்லது பஞ்சு உருளைகளாவது வைத்து ஈரத்தை முழுவதும் தடுத்தார்களா என்பது, அந்த அட்டையைவிட அதிகமாக எனக்குச் சொல்லும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கேப் விழுந்துவிட்டது. திங்களன்று வெளியூர்ப் பயணம் இருந்ததால் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையால் நானே ஒட்டிக்கொண்டேன். இரண்டு மாதமாக நன்றாகவே இருக்கிறது. அப்படியே விடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: விடக் கூடாது. பசை ஒரே சீராகப் பரவாததால் உறை முழுவதும் இறங்கியிருக்காது. விளிம்பில் இடைவெளி விழுந்து, உள்ளே சொத்தை வளரும். வேர் சிகிச்சை செய்த பல்லாக இருந்தால் வலியே தெரியாமல் வளரும். இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் போய், என்ன பசை போட்டீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அவர் உறையைக் கழற்றி, உட்புறத்தில் இறுகிய படலத்தைச் சாண்ட்பிளாஸ்ட் செய்து நீக்கி, பல்லில் சொத்தை இல்லையென்று உறுதி செய்த பின்பே மறுபடி ஒட்ட முடியும். இனி விழுந்தால், உறையைத் தண்ணீரில் அலசி, ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கும் சிமென்டை ஊசியால் சுரண்டாதீர்கள். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.